முதலிடம் யாருக்கு?

விளையாட்டு வினையாகும் என்பார்கள் நம் பெரியவர்கள். நானோ, வினையாகிவிட்ட ஒரு விளையாட்டைப் பற்றியே எழுத முற்படுகிறேன். "தேர்வு நெருங்குகிறது, ஆய்வேடு அரைகுறையாய்க் கிடக்கிறது, இந்த வேளையில் பஸ் ஓட்டும் கேமைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும், நகைத்துவிட்டுப் படிக்கட்டும். நம் மன்றத்தின் செயற்குழு வரும் கூட்டத்தில் ஒரு திட்டத்தை முடிவு செய்ய இருக்கிறது. அத்திட்டத்திலே ஒரு விதி நுழைந்திருக்கிறது. அந்த ஒரு விதி, நம் தோழர்கள் சிலருடைய பல மாத உழைப்பின் தலையெழுத்தை எழுதப் போகிறது.

செய்தி அறியாதார்க்குச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவில் மலியோ என்னும் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட கைப்பேசி விளையாட்டு 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'. அந்நாட்டுச் சாலைகளில் அந்நாட்டுப் பஸ்களை ஓட்டுவதுதான் ஆட்டம். ஆனால் அவர்கள் ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். பஸ்ஸின் வெளிப்பூச்சை, அதாவது ஆட்டக்காரர்கள் 'லிவரி' என்று சொல்வதை, நாமே வரைந்து ஏற்றலாம். அதற்கும் மேலே, நாமே முப்பரிமாணத்தில் செய்த வண்டியையும் உள்ளே கொண்டு சென்று ஓட்டலாம். இப்படிப் பிறர் செய்து சேர்ப்பதைத்தான் 'மாட்' என்கிறார்கள். கதவு திறந்ததுதான் தாமதம்! கேரளத்து இளைஞர்களும் தமிழ்நாட்டு இளைஞர்களும் கூட்டங் கூட்டமாக நுழைந்தார்கள். சிவப்பும் மஞ்சளுமான கே.எஸ்.ஆர்.டி.சி. வண்டி, நம் அரசு விரைவுப் பேருந்து, வண்ணச் சித்திரங்கள் தீட்டிய சுற்றுலா வண்டி எல்லாம் இந்தோனேசியச் சாலையில் ஆரன் அடித்துக்கொண்டு ஓடத் தொடங்கின. நான் குடியிருக்கும் விழிஞ்ஞத்தில், பஸ் நிலையத்தையொட்டிய தேநீர்க் கடையில் மாலையில் போய் நின்று பாருங்கள். வெளியே நிற்கும் அதே வண்டியைக் கைப்பேசியிலும் ஓட்டிக்கொண்டிருக்கும் பையன்கள் நான்கு பேராவது இருப்பார்கள்.

சரி, இவ்வண்டிகள் எங்கே கிடைக்கின்றன? அங்கேதான் வினை தொடங்குகிறது. யூடியூப்பில் ஒரு காட்சி; அதன் அடியில் ஓர் இணைப்பு; இணைப்பைத் தொட்டால் விளம்பரம்; அதைக் கடந்தால் இன்னொரு விளம்பரம். ஏழு மலை ஏழு கடல் தாண்டிக் கோப்பைப் பெற்றால் அதற்கு ஒரு பூட்டு. பூட்டின் சாவியாகிய கடவுச்சொல்லோ, அந்த யூடியூப் காட்சியின் நடுவே எங்கோ ஒரு நொடி மின்னி மறையும்! காட்சியை முழுதும் பார்க்க வைத்தால்தான் காசு. வண்டி செய்தவன் காசு பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் காசு போவது வண்டி செய்தவனுக்கா, பூட்டுப் போட்டவனுக்கா?

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு தம்பி. எங்களைப் போலவே தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைப்புக்காக விழிஞ்ஞத்துக்கு வந்த குடும்பம். என் தந்தை ஐஸ் லாரி ஓட்டுகிறார். அவன் தந்தை வலை பின்னுகிறார். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரும் நம் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தை, சன்னல் கண்ணாடியின் ரப்பர்ப் பட்டை முதல் படிக்கட்டில் தேய்ந்துபோன பெயிண்ட் வரை, நான்கு மாதம் உட்கார்ந்து அவன் செய்தான். பூட்டில்லாமல், விளம்பரமில்லாமல் வெளியிட்டான். பத்தே நாளில் பெரிய கூட்டம் சேர்த்து வைத்திருக்கும் ஒரு யூடியூப்காரர் அதை எடுத்து, அவன் பெயரை அழித்து, தம் பூட்டைப் போட்டு வெளியிட்டுவிட்டார். இன்று அந்த வண்டியின் பெயரைத் தேடினால் முதலில் வருவது அவருடையது. செய்தவனுடையதைக் காண விரல் தேயத் தேயக் கீழே இறங்க வேண்டும். "அண்ணே, இனிமே இந்த வேலையே வேண்டாம்ணே" என்றான். திருட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். அவன் கையை ஒடித்தது அந்த வரிசை!

நிற்க. இத்தகைய அநீதிக்கு மாற்றாகத்தான் நம் மன்றம் ஒரு பொதுக் களஞ்சியம் அமைக்க எண்ணியது. நம் மாணவர்களும் அவர்தம் நண்பர்களும் செய்யும் மாட்களைப் பூட்டின்றி, பெயருடன் ஓரிடத்தில் சேர்த்து வைப்பது. யாரும் வந்து எடுத்துக்கொள்வது. உயர்ந்த எண்ணம், கைதட்டி வரவேற்கிறேன். ஆனால் எண்ணம் மட்டும் சர்வரை ஓட்டாது. இப்போது நாம் வைத்திருக்கும் கூகுள் டிரைவ் 15 ஜிகாபைட் வரைதான் இலவசம், அது நிரம்பிவிட்டது. ஒரு வண்டி 20 மெகாபைட் என்று கொள்வோம். பதினாயிரம் பேர் இறக்கினால் 200 ஜிகாபைட் சர்வரிலிருந்து வெளியே போக வேண்டும். ஐம்பது வண்டிகளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இதற்குப் பணம் வேண்டும், மறுக்கவில்லை.

அந்தப் பணத்துக்காகச் செயற்குழுவின் வரைவில் ஏழாம் விதி முளைத்திருக்கிறது. 'குறிப்பிட்ட தொகை நன்கொடை அளிப்பவர் விரும்பும் மாட், ஒரு திங்கள் முதல் வரிசையில் வைக்கப்படும்' என்பது அவ்விதி. கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. நன்கொடையாளருக்கு நன்றி காட்ட வேண்டாமா என்று கேட்கிறார்கள். நன்றி காட்டுங்கள், பெயரைப் பொன்னெழுத்தில் பொறியுங்கள், மேடையில் துண்டு போர்த்துங்கள். வரிசையை மட்டும் விற்காதீர்கள்!

ஏன் என்று கேட்போர் என்னுடன் ஒருநாள் விழிஞ்ஞத்துக் கரைக்கு வரட்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் அயற்கரைகளில் அலை சீறும். அப்போது அக்கம்பக்கத்து வள்ளங்களெல்லாம் அடக்கமான விழிஞ்ஞத் துறையை நாடி வரும். என் படிப்பின் பொருட்டு மீன் மாதிரி எடுக்க விடியற்காலையில் நான் நிற்கும் இடமும் அதுதான். வள்ளம் கரை சேர்ந்ததும் மீன் ஏலத்துக்கு வரும். இந்தக் கடற்கரையில் நெடுங்காலம் நடந்த வழக்கம் என்ன? வள்ளத்துக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்தவரே ஏலத்தையும் நடத்துவார். அவர் கையில் கடன் பட்டவன் வேறு யாரிடமும் மீனை விற்க முடியாது. வட்டி என்று வெளிப்படையாக அவர் வாங்காமல் இருக்கலாம். ஆனால் தரகிலும் விலையிலும் அது இறங்கிவிடும். என் தந்தை இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், அவர் சொல்வார்: "கடன் குடுத்தவனே ஏலத்தையும் விட்டா, மீனுக்கு வெலை எப்பிடிடா ஏறும்?"

இந்தக் கட்டை அவிழ்க்கத்தான் திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாட்டில் மீனவர்கள் தங்கள் சங்கத்தின் வழியாக ஏலத்தைத் தங்கள் கையில் எடுத்தார்கள். அந்த முயற்சியின் வழியில் எழுந்த ஊர்ச் சங்கங்கள் ஒன்றுகூடி, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாயின. சங்கமும் கடன் கொடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சங்கம் மீன் பிடிப்பவனுடையது. ஏலம் விடுபவர் அதன் ஊழியர். எவன் மீன் என்ன விலைக்குப் போயிற்று என்பது பதிவேட்டில் இருக்கிறது. எவனும் புரட்டிப் பார்க்கலாம். பணம் வருவது பழுதன்று; பணம் கொடுத்தவர் கையில் ஏலமணியும் இருப்பதுதான் பழுது. ஏழாம் விதி அந்த மணியை எடுத்து நன்கொடையாளர் கையில் கொடுக்கிறது.

கடற்கரையை விட்டுக் கணினிக்கு வருவோம். 2015 ஏப்ரல் 23-ஆம் நாள், ஸ்டீம் என்னும் விளையாட்டு அங்காடியை நடத்தும் வால்வ் நிறுவனமும், 'ஸ்கைரிம்' விளையாட்டை ஆக்கிய பெதெஸ்டா நிறுவனமும் சேர்ந்து, மாட்களுக்கு விலை வைத்து விற்கலாம் என்று அறிவித்தன. வருவாயில் மாட் செய்தவனுக்கு நூற்றுக்கு 25. மற்ற 75-உம் நிறுவனங்களுக்கு. எதிர்ப்பு வெடித்தது, ஏப்ரல் 27-இலேயே திட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். இதிலே நம் விழிஞ்ஞத்தாருக்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. முதல் நாள் கடைக்கு வந்தவற்றில் ஒன்று, ஸ்கைரிமுக்குள்ளே மீன் பிடிக்க வழி செய்யும் மாட்! அதற்குள் வேறொருவர் இலவசமாகச் செய்து கொடுத்த அசைவுக் கருவி ஒன்று இருந்தது. அவருடைய இசைவைக் கேட்கவில்லை. பூசல் எழுந்தது; மாட் கடையிலிருந்து இறங்கியது. இலவசமாய்க் கொடுத்தும் வாங்கியும் ஒருவர்க்கொருவர் உதவிக்கொண்டிருந்தவர்கள், விலைச்சீட்டு ஒட்டியதும் வழக்காளிகள் ஆயினர். ஒரு மாட் தனியே பிறப்பதில்லை. ஒருவன் செய்த சக்கரம், இன்னொருவன் செய்த இருக்கை, மூன்றாமவன் பதிவு செய்த ஆரன் ஒலி எல்லாம் கூடித்தான் ஒரு பஸ் ஆகிறது. ஆகையால் நம் களஞ்சியத்தில் எவற்றையெல்லாம் எடுத்து ஒட்டினேன் என்ற பட்டியலைத் தராத எந்த வண்டிக்கும் இடம் தரக்கூடாது என்பேன். இது ஏழாம் விதிக்கு அப்பாற்பட்ட செய்தி. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

பணம் வாங்கியும் வரிசையை விற்காத இடம் உலகில் இல்லையா? இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ராபின் ஸ்காட் என்பவர் 2001-இல் ஒரு விளையாட்டின் ரசிகர்களுக்காகத் தொடங்கி, பின்னர் 'நெக்ஸஸ் மாட்ஸ்' என வளர்ந்த களஞ்சியத்தைப் பாருங்கள். பணம் கட்டாதவர் விளம்பரத்தைப் பார்க்கிறார். அவருக்குக் கோப்பு மெல்ல இறங்குகிறது. பணம் கட்டியவருக்கு வேகமாக இறங்குகிறது. பணம் வேகத்தை வாங்குகிறது. மாட் செய்தவன் முதலிடத்தை வாங்க அங்கே கட்டணமில்லை. பிடித்த மாட்டைப் பாராட்டவும் ஓர் ஏற்பாடு உண்டு. இறக்கிய கணமே பாராட்ட முடியாது. சற்று நேரம் கழிந்த பின்னரே முடியும். சிறிய விதிதான், எவ்வளவு நுட்பம்! ஓட்டிப் பார்க்காமல் கைதட்டாதே என்கிறது.

ஆனால் அதே இடம் 2018-இல் செய்த இன்னொன்றை நாம் கண் மூடிப் பின்பற்றலாகாது. மாட் செய்வோருக்கென ஒரு நிதி வைத்து, எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற கணக்குப்படி மாதந்தோறும் பங்கிட்டார்கள். நல்ல நோக்கம், பலருக்கு உதவியாகவும் இருந்தது. எனினும் எண்ணிக்கைக்குக் காசு என்றால் மனித மனம் எங்கே போகும்? ஒரே பஸ்ஸை உடல் ஒன்று, இருக்கை ஒன்று, ஆரன் ஒன்று என மூன்றாகப் பிரித்துப் போடும்! மூன்று இறக்கம், மூன்று கூலி. ஸ்காட் 2025-இல் அந்தக் களஞ்சியத்தை வேறொரு நிறுவனத்தின் கையில் ஒப்படைத்துவிட்டார். கை மாறினால் விதியும் மாறலாம். நம் விதி ஒருவர் கையில் இராமல் மன்றத்தின் சட்ட நூலில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

"பணம் வேண்டாம், நன்கொடையும் வேண்டாம், அதிகம் பேர் இறக்கியது மேலே வரட்டும். மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு!" என்று முழங்குகிறார் என் அறைத்தோழர். அவர் பொருளியல் மாணவர். முழங்குவது அவருக்குக் கைவந்த கலை. நான் அறிவியல் மாணவன்; சோதனை எங்கே என்று கேட்பது என் தொழில். சோதனை இருக்கிறது. 2006-இல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்னும் மூவர் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். யாரும் அறியாத குழுக்களின் 48 பாடல்கள். கேட்க வந்தவர்கள் 14,341 பேர். சிலருக்குப் பாடல்களை மட்டும் காட்டினார்கள். மற்றவர்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தம் உலகில் ஒவ்வொரு பாடலையும் முன்னவர்கள் எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். என்ன நடந்தது? எண்ணைக் கண்ட உலகங்களில் பெரிய பாடல் மேலும் பெரிதாயிற்று. சிறியது மேலும் சிறுத்தது. அது மட்டுமா? ஓர் உலகில் உச்சிக்குப் போன பாடல் இன்னோர் உலகில் நடுவிலே கிடக்கக்கூடும் என்பதும் தெரிந்தது. எண்ணின்படி மேலிருந்து கீழாக அடுக்கிக் காட்டியபோது ஏற்றத்தாழ்வு இன்னும் கூடியது. மிக நல்ல பாடல் அடிமட்டத்துக்குப் போவது அரிது. மிக மோசமானது உச்சிக்கு வருவதும் அரிது. இடையில் உள்ள அத்தனைக்கும் முதலில் வந்த நாலு பேரின் விரலே விதியாயிற்று. இதையா மகேசன் தீர்ப்பு என்பது?

அப்படியானால் இறக்கிய எண்ணை விட்டுவிட்டுப் பாராட்டின் விழுக்காட்டைக் கொள்ளலாமா? அதிலும் ஒரு குழி உண்டு. ஒரு வண்டியை மூன்று பேர் ஓட்டினார்கள், மூவரும் பாராட்டினார்கள், நூற்றுக்கு நூறு. இன்னொன்றை 200 பேர் ஓட்டினார்கள், 180 பேர் பாராட்டினார்கள், நூற்றுக்குத் தொண்ணூறு. முதலாவதா உயர்ந்தது? அந்த மூவரும் அவனுடைய அண்ணன், அத்தான், அறைத்தோழன் ஆகலாமே! எட்வின் வில்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1927-இலேயே இதற்கு ஒரு வாய்பாடு தந்துவிட்டார். இவ்வளவு குறைந்த சான்றைக் கொண்டு, உண்மை விழுக்காடு எந்த அளவுக்குக் கீழே போகாது என்று நம்பலாம் என்பதைக் கணிக்கும் முறை அது. கணக்கிட்டுப் பார்த்தேன். மூன்றுக்கு மூன்று பெற்ற வண்டிக்கு நூற்றுக்கு 44-தான் உறுதி. 200-க்கு 180 பெற்றதற்கு 85. அத்தானின் கைதட்டு அடங்கிவிட்டது பாருங்கள்! நம் கணினித்துறைத் தோழர் ஒருவர் பத்து வரிகளில் இதை எழுதிவிடுவார்.

ஆனாலும் அந்தப் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இது போதாது. நேற்று வந்த நல்ல வண்டிக்குச் சான்று ஏது? யாரும் பார்க்காததால் பாராட்டில்லை; பாராட்டில்லாததால் யாரும் பார்ப்பதில்லை. இந்தச் செக்கைச் சுற்றியே அவன் சாக வேண்டுமா? ஆகையால் முதற்பக்கத்தில் பாதியை இரண்டு திங்களுக்கு உட்பட்ட புதியவற்றுக்கு ஒதுக்குவோம். அவற்றுக்குள் வரிசையே வேண்டாம். திறக்குந்தோறும் சீட்டுக் குலுக்கியதுபோல் மாறி மாறி வரட்டும். எல்லாருக்கும் முதலிடம் ஒரு முறையாவது கிடைக்கும். 'குலுக்கல் தகுதியாகுமா?' என்பார் உண்டு. ஆகாதுதான். தகுதியைக் கண்டறியும் வாய்ப்பு ஆகும்.

இவ்வளவும் ஒரு விளையாட்டுக்கா என்ற எண்ணம் இன்னும் உங்கள் மனத்தில் இருக்குமானால் ஒன்று சொல்கிறேன். 2022 அக்டோபரில் பாலக்காட்டு மாவட்டம் வடக்கஞ்சேரியில், பள்ளிப் பிள்ளைகள் சென்ற சுற்றுலாப் பேருந்து ஒன்று அரசுப் பேருந்தின் பின்னே மோதி ஒன்பது உயிர்கள் போயின. அதன் பின் கேரளத்தில் சுற்றுலாப் பேருந்துகள் ஒரே வெள்ளை நிறத்துக்கு மாற வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாக நிறைவேற்றினார்கள். உயிருக்கு முன்னே ஓவியம் எம்மாத்திரம்? விதியை நான் குறை கூற வரவில்லை. ஆனால் யானையும் புலியும் நடிகர் முகமுமாகப் பெயிண்டர்கள் தீட்டிய சித்திரங்கள் சாலையிலிருந்து மறைந்தன. அவற்றை இன்று எங்கே காண்பது? இந்தப் பையன்கள் வரைந்து வைத்த லிவரிகளிலேதான் பல எஞ்சியிருக்கின்றன. எந்த அருங்காட்சியகமும் சேர்க்காததை நம் களஞ்சியம் சேர்க்கப் போகிறது. அதில் எது மேலே தெரியும், எது அடியில் புதையும் என்பதை யாருடைய பணப்பை முடிவு செய்வது?

பணத்துக்கு வழி சொல்லாமல் பேச்சை முடித்தால் செயலாளர் என்னை விடமாட்டார். நம் மன்றத்தில் சந்தா கட்டும் உறுப்பினர்கள் இருக்கிறோம். மாதம் ஒரு தேநீரின் விலையை ஒவ்வொருவரும் சேர்த்துக் கட்டினால் தொடக்கச் செலவுக்குப் போதும் என்று பொருளாளரே என்னிடம் ஒப்புக்கொண்டார். வெளியார் நன்கொடை தரட்டும். விரைவாக இறக்கும் வசதியைப் பெறட்டும். பெயர்ப் பலகையில் இடம் பெறட்டும். சர்வருக்குக் கட்டிய ஒவ்வொரு ரூபாயும் அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் வரட்டும். பணத்தைக் கையாளும் இருவரும் வரிசையைக் கவனிக்கும் இருவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். வரிசை எந்தக் கணக்கில் அமைகிறது என்பதை, எட்டாம் வகுப்புப் பையனுக்கும் விளங்கும் தமிழில், முதற்பக்கத்தின் தலையிலேயே எழுதி வைப்போம். மலையாளத்திலும் எழுதுவோம், ஏனெனில் வண்டி செய்வோரில் பாதிப் பேர் மலையாள நண்பர்கள்.

ஏழாம் விதியை நீக்கி மேற்சொன்னவற்றைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழிமொழிந்து ஒன்பது தோழர்கள் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். விதிப்படி பதினைந்து வேண்டும். தாள் மன்ற அறையின் மேசை மேல் இருக்கிறது. பேனாவையும் பக்கத்திலேயே கட்டி வைத்திருக்கிறேன்.